ஏலத்தில் வந்த வாடிக்கையாளர் யாருடையவர்?

2018 ஆகஸ்ட் 14 அன்று ஈபே இந்தியா தளம் மூடப்பட்டது. நாணயம், தபால்தலை, பழைய கேமரா, பட்டுப்புடவை, பித்தளை விளக்கு என்று வீட்டு மாடியில் இருந்தபடியே ஊர் முழுக்க விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு, வாங்குகிறவர்கள் கூடும் சந்தையே ஒரே நாளில் இல்லாமல் போனது. இத்தனை வருடங்களாக யார் யார் வாங்கினார்கள் என்ற விவரமெல்லாம் தளத்தின் கணக்கில் இருந்ததே தவிர, விற்றவர்களின் நோட்டில் ஏறவில்லை. சொந்தமாக ஓர் இணையக் கடையைத் திறந்து, ஏலத்தில் வந்தவர்களை மெல்ல மெல்ல அங்கே பழக்கி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு வாசல் அடைபட்டது, வியாபாரம் அடைபடவில்லை.

அந்தத் தளத்தின் கதை 2000-இல் மும்பையில் தொடங்கியது. அவ்னிஷ் பஜாஜ், சுவிர் சுஜன் என்ற இருவர் ஆரம்பித்த பாஸீ டாட் காம்தான் இந்தியர்களுக்கு இணைய ஏலத்தைப் பழக்கியது. 2004-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் ஏறக்குறைய 5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. முகம் தெரியாத ஆளிடம் பணத்தைக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டில் வாங்குபவரின் பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவருக்கு விடுவித்தது. 2017-இல் ஈபே தன் இந்தியக் கிளையையும் 50 கோடி டாலரையும் ஃபிளிப்கார்ட்டிடம் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டது. மறுவருடமே ஃபிளிப்கார்ட் அந்தத் தளத்துக்குப் பூட்டுப் போட்டது.

சென்னை தியாகராய நகர்க்காரர்களுக்கு இப்படிச் சந்தை கைநழுவுவது புதிதல்ல. பாண்டி பஜார் நடைபாதையில் பல வருடம் கடை போட்டிருந்தவர்களை 2013-இல் மாநகராட்சி ஓர் அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றியது. மேல்மாடிக்கு யாரும் ஏறி வருவதில்லை என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டதைச் செய்தித்தாள்கள் எழுதின. நடைபாதையில் நின்று பேரம் பேசி வாங்கியவர்கள் கடைக்காரரைத் தேடி வந்தவர்களா, அந்த வழியாகப் போனவர்களா என்பது இடம் மாறிய பிறகுதான் தெரிந்தது. அதே பனகல் பூங்கா வட்டாரத்தில் 1928-இல் தொடங்கிய நல்லி புடவைக் கடைக்கு இந்தக் கவலை கிடையாது. அந்தக் கடைக்குப் பெயர்தான் முகவரி. எங்கே விற்றாலும் பெயர் வாங்குபவர் மனதில் நிற்க வேண்டும் என்பதுதான் ஏலத் தளத்தில் பொருள் போடும் சிறு கடைக்காரரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

ஏல லிஸ்டிங்கை விளம்பரமாக்கும் வழக்கம் ஈபே அளவுக்குப் பழையது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் அதைத் தொடங்கியபோது விற்ற முதல் பொருள்களில் ஒன்று உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது. மறுவருடமே வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் நற்சான்று எழுதும் ‘ஃபீட்பேக்’ முறை வந்தது. பழம்பொருள் வியாபாரிகள் இதில் ஒரு வழியைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். எல்லாச் சரக்கையும் ஏலத்தில் விடுவதில்லை. கண்ணைப் பறிக்கும் ஒன்றிரண்டை மட்டும் அடிமாட்டு விலையில் தொடங்குவார்கள். ஏலம் ஒரு வாரம் ஓடும். அந்த ஒரு வாரமும் பார்க்க வருகிறவர்கள், ‘இவரிடம் வேறென்ன இருக்கிறது’ என்று மற்றச் சரக்கையும் பார்ப்பார்கள். விற்பவரைப் பற்றிய அறிமுகப் பக்கத்தில் அவருடைய சொந்தக் கடையின் இணைப்பு இருக்கும். ஏலத்தில் தோற்றவர்தான் அங்கே முதலில் போவார். அந்தப் பொருளின் மேல் ஆசை வைத்து, பணத்தையும் தயாராக வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் கைநழுவ விட்டவர் அவர். அவரைவிடக் கனிந்த வாடிக்கையாளர் ஒரு வியாபாரிக்கு எங்கே கிடைப்பார்?

தளத்துக்கும் இது தெரியாமல் இல்லை. அமெரிக்க ஈபேயில் இன்று பெரும்பாலான பிரிவுகளில் விற்பனைத் தொகையில் 13 சதவீதத்தை ஒட்டிக் கமிஷன் போகிறது. கூட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பது ஒருவர், விற்பனை நடப்பது வேறோர் இடத்தில் என்றால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பயனர் பெயரில் இணைய முகவரி வைக்கக் கூடாது. பொருளின் விவரத்தில் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ போடக் கூடாது. படத்தின் மேல் எழுத்து ஏற்றக் கூடாது. 2017-இல் வெளி இணைப்புகளுக்கும் கெடுபிடி வந்தது. பொருளைப் பற்றிய வீடியோ, பெரிய சரக்குகளை அனுப்பும் விவரம், சட்டப்படி தர வேண்டிய தகவல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. ‘தளத்தை விட்டு வெளியே வாருங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்று வாங்குபவருக்குத் தூது அனுப்பினால் கணக்கே முடங்கும்.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான். அடுத்தவர் பந்தலில் உட்கார்ந்துகொண்டு அவர் கமிஷனை ஏய்க்கப் பார்ப்பது வியாபாரமாகாது. குறுக்கு வழி சொல்லித் தரும் வீடியோக்கள் யூடியூபில் எத்தனை வந்தாலும், சிறு கடைக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. விதிக்கு உட்பட்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதிகளில் கிடைக்கும் பரதநாட்டிய நகையை எடுத்துக்கொள்வோம். நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, மாட்டல், புல்லாக்கு, ஒட்டியாணம் என்று ஒரு முழு செட். நியூ ஜெர்சியிலும் டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பெண் குழந்தைகளின் அம்மாக்கள் இதைத்தான் இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது சில விஷயங்கள்தான். கெம்புக்கல் பதித்திருப்பது வெள்ளியிலா, செம்பிலா? முலாம் எப்படிப்பட்டது? ஒட்டியாணத்தின் பின்பக்கம் கொக்கி எங்கே இருக்கிறது, எத்தனை அங்குல இடுப்புவரை இழுத்துக் கட்டலாம்? பத்து வயதுக் குழந்தையின் வகிட்டுக்கு இந்தச் சுட்டி நீளமா?

இதற்கெல்லாம் லிஸ்டிங்கிலேயே பதில் சொல்லும் கடை மிகக் குறைவு. நகையின் முன்பக்கத்தைப் பளபளவென்று எடுத்துப் போட்டுவிட்டு ‘டெம்பிள் ஜுவல்லரி, சூப்பர் குவாலிட்டி’ என்று முடித்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம், அளவுகோல் வைத்து ஒரு படம், ஒரு குழந்தையின் தலையில் வைத்துக் கட்டிய படம் என்று போட இடம் இருக்கிறது. ஈபேயில் ஒரு பொருளுக்கு 24 படங்கள்வரை போடலாம். இந்தப் படங்களோடு ‘இது நாகர்கோவில் வடசேரி வேலை’ என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அந்த ஊர்க் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. இவ்வளவு தெரிந்த கடை எது என்று வாங்குபவர் பெயரைப் பார்ப்பார். அங்கேதான் விளம்பரம் தொடங்குகிறது.

ஆகவே பெயர் முக்கியம். ஏலத் தளத்தில் வைக்கும் பயனர் பெயரும், சொந்தக் கடையின் பெயரும், இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘சென்னைசெல்லர்2009’ என்று வைத்துக்கொண்டால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ‘டாட் காம்’ சேர்க்கத்தான் தடை. கடையின் பெயரையே வைக்கத் தடையில்லை. அந்தப் பெயரைக் கூகுளில் அடித்தால் முதலில் வருவது சொந்தக் கடையாக இருந்தால் போதும். ஓர் இணைப்பும் கொடுக்கவில்லை, ஒரு விதியும் மீறவில்லை, ஆனால் வர வேண்டியவர் வந்துவிடுவார்.

தலைப்பு அடுத்த கவனம். ஈபேயில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். நாம் சலங்கை என்கிறோம். வட இந்தியர்கள் குங்ரூ என்கிறார்கள், மேல்நாட்டார் ‘ஆங்கிள் பெல்ஸ்’ என்று தேடுகிறார்கள். மூன்றும் தலைப்பில் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை கூடாது. இது வெறும் நுணுக்கமல்ல. 2006-இல் கு, கலின்ஸ்கி, மர்னிகன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குறைந்த விலையில் தொடங்கும் ஏலம் நிறையப் பேரை இழுத்து, முடிவில் அதிக விலைக்குப் போக வாய்ப்புண்டு என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் பொருளின் பெயரைத் தப்பாக எழுதிய லிஸ்டிங்குகளில் இது தலைகீழானது. தேடலில் அகப்படாததால் கூட்டம் சேரவில்லை. குறைந்த விலையில் தொடங்கியது குறைந்த விலைக்கே போனது. கூட்டம் வரும் என்ற உறுதி இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்க்கு ஏலம் தொடங்குவது கைமுதலைப் பறிகொடுக்கும் வேலை.

எதை ஏலத்தில் விடுவது என்பதிலும் கணக்கு வேண்டும். வரிசையாக நூறு இருக்கும் சலங்கையை ஏலம் விட்டுப் பயனில்லை. அதற்கு நிலையான விலை போதும். ஒன்றே ஒன்று இருப்பது, விலை இவ்வளவுதான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதது ஆகியவைதான் ஏலத்துக்கு. நெசவு நின்றுபோன ஒரு வடிவத்தில் ஒரு காஞ்சிப் பட்டு, பழைய படத்தின் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, அரிய பிழையோடு அச்சான தபால்தலை போன்றவை. உலகமே அப்படித்தான் மாறியிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஈபேயில் ஏலம்தான் பெரும்பாலும். அடுத்த பத்து வருடத்துக்குள் நிலையான விலை அதை முந்திவிட்டது. இன்றைய கடைக்காரருக்கு ஏலம் என்பது வாசலில் தொங்கவிடும் ஒரு நல்ல புடவை. உள்ளே வந்தவர் வாங்குவது அலமாரியில் இருப்பதைத்தான்.

விலையை ஏற்றுவதற்காகத் தெரிந்தவர்களை வைத்து ஏலம் கேட்க வைப்பது பலருக்கும் தோன்றும் யோசனை. மைத்துனரின் கணக்கிலிருந்து இரண்டு முறை கேட்டால் என்ன என்று நினைப்பார்கள். அது ஏமாற்று, எல்லா ஏலத் தளங்களிலும் தடை செய்யப்பட்டது. அகப்பட்டால் பத்து வருடப் பெயரும் போய்விடும்.

அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். நான்கு ஆய்வாளர்களின் சோதனை அது, 2006-இல் வெளியானது. நல்ல பெயர் எடுத்திருந்த ஒரு பழைய அஞ்சலட்டை வியாபாரி, ஒரே மாதிரியான அட்டைகளைத் தன் பெயரிலும், புதிதாகத் தொடங்கிய முகமறியாத கணக்குகளிலும் ஈபேயில் விற்றார். அட்டைகள், விவரிப்பு, அனுப்பும் முறை எல்லாம் ஒன்றேதான். பழகிய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நற்சான்று சேர்ப்பதற்காகவே சிறிய சிறிய பொருள்களை லாபமில்லாமல் ஏலம் விடும் கடைகள் வீண் வேலை செய்யவில்லை என்பதற்கு இது சாட்சி.

பொருள் விற்றுப் பார்சல் கிளம்பும் நேரத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். மாட வீதிக் கடையில் ஒருமுறை வாங்கியவர் அடுத்த தடவை வரும்போது, “வாங்கோ மாமி, போன தடவை எடுத்த ஒட்டியாணத்துக்கு மேட்ச்சா வங்கி வந்திருக்கு” என்று சொல்லத் தெரிந்த அதே கடைக்காரர், இணையத்தில் வாங்கியவருக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார். நகையை எப்படித் துடைப்பது, வியர்வை பட்டால் என்ன செய்வது, கல் விழுந்தால் யாரிடம் கேட்பது என்று நான்கு வரி எழுதிய ஒரு சீட்டு, பெட்டியின் மேல் கடையின் பெயர் ஆகியவற்றுக்குப் பத்து ரூபாய்கூடச் செலவாகாது. ஆனால் உள்ளே என்ன வைக்கலாம் என்பதில் தளத்துக்குத் தளம் விதி வேறு. வாங்குபவரை வேறு கடைக்குத் திருப்பும் எதையும் அமேசான் ஏற்பதில்லை. விதியைப் படித்துவிட்டு வைக்க வேண்டும். வாங்கியவரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அந்த ஒரு விற்பனைக்காகத் தரப்பட்டவை. கேட்காமல் அவரை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது மரியாதையும் அல்ல, தள விதிக்கும் ஒவ்வாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் முதலில் கேட்கிறது.

வந்தவர் நுழையச் சொந்தக் கடை தயாராக இருக்க வேண்டும். கடை கட்டுவது இன்று கடினமில்லை. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோவின் காமர்ஸ் செயலி முதல் ஷாப்பிஃபை வரை, கணினி நிரல் தெரியாதவரும் ஓரிரு நாளில் கடை திறக்க வழி இருக்கிறது. கடினமானது கணக்கு வழக்கு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்கு ஒரு புடவை போனாலும் பதிவு தேவை. சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் வரம்போடு சலுகை உண்டு. ஏற்றுமதியும் வெளிமாநில விற்பனை போலத்தான். அதற்கு வரி இல்லை என்றாலும் பதிவும் உறுதிப் பத்திரமும், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி கடையின் பெயர், முகவரி, குறைதீர்ப்பவரின் தொடர்பு எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போக வேண்டும். இவற்றை ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து முடித்துவிட்டு ஏலத்தில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பழைய வீடுகள் இடிபடும்போது வெளியே வரும் சாமான்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாட்டி பூஜை அறையில் இருந்த வெண்கல விக்கிரகமோ, தஞ்சாவூர் ஓவியமோ நூறு வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஏட்டுச்சுவடி போன்றவற்றுக்கு 75 வருடமே வரம்பு. விலை ஏறட்டும் என்று புதிய விக்கிரகத்தைப் ‘பழங்காலத்தது’ என்று லிஸ்டிங்கில் எழுதுகிறவர், தானே தன் மீது புகார் எழுதிக் கொடுக்கிறார். புதியது புதியதுதான் என்று எழுதி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொண்டால் சுங்கத்தில் சிக்கல் வராது.

ஈபே இந்தியா போன பிறகு உள்நாட்டில் எல்லாப் பொருளுக்குமான ஏலச் சந்தை அந்த அளவில் உருவாகவில்லை. இங்கிருந்து ஈபேயில் விற்பவர்கள் இப்போது வெளிநாட்டுக்குத்தான் விற்கிறார்கள். உள்ளூரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நேரலை. தி. நகர்ப் புடவைக் கடைப் பெண் ஒவ்வொரு புடவையாக விரித்துக் காட்ட, அதன் எண்ணை முதலில் எழுதுபவருக்குப் புடவை. ஏலத்தின் பரபரப்பு அதிலும் உண்டு, ஏலத்தில் இல்லாத பேச்சும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு ஒருநாள் முடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேயும் அப்படியேதான் நிற்கிறது.

2025-இல் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. 800 டாலர் வரையிலான பார்சலுக்குச் சுங்க வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்கப் பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது. நவராத்திரிக்குக் கொலு பொம்மையும் புடவையும் போக வேண்டிய நேரம் அது. அக்டோபர் 15-இல்தான் சேவை திரும்பியது, வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு. லிஸ்டிங்கை மட்டும் நம்பியிருந்தவர்கள் அமெரிக்காவை விநியோகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்களின் சம்மதத்தோடு அவர்கள் பெயரும் மின்னஞ்சலும் வைத்திருக்கும் கடைக்கு வேறு வழிகள் உண்டு. தனியார் கொரியரில் இவ்வளவு கூடுதலாகும், பரவாயில்லையா என்று நேராகவே கேட்கலாம். அல்லது மார்கழிக் கச்சேரிக்கு ஊருக்கு வருகிறீர்களா, எடுத்து வைக்கட்டுமா என்று ஒரு வரி எழுதலாம்.